கண்டம் தப்பிய இருபத்து மூன்று

5-6-2023. பீங்கான் கோப்பை 48.
6-6-2023. பீங்கான் கோப்பை 47.
7-6-2023. பீங்கான் கோப்பை 48.
9-6-2023. மேசைக் கரண்டி 60.
10-6-2023. மேசைக் கரண்டி 58.
12-6-2023. மேசைக் கரண்டி 60.
16-6-2023, காலை. குடை 5.
16-6-2023, மாலை. குடை 6.
20-6-2023. பரண் 23.
21-6-2023. பரண் 22.

ஒரு பொருள் குறைந்தால் அது களவு. கூடினால், எண்ணியவரின் பிழை. குறைந்துவிட்டு, மறுநாள் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டால் அதற்கு என்ன பெயர்? கொடைக்கானல் பேரிமர பங்களாவில் முப்பத்து நான்கு வருடம் சாமான் பதிவேடு எழுதிய ஸ்டோர்கீப்பர் உபகாரத்துக்கே அந்தப் பெயர் தெரியவில்லை. கோப்பை போனதைவிட, திரும்பி வந்ததுதான் அவரை உறுத்தியது. போகும்போது அடியில் இருந்த காபிக் கறை வரும்போது இல்லை. எடுத்தவர் கழுவி வைத்திருக்கிறார். கழுவி வைக்கிற திருடரை அவர் கேள்விப்பட்டதில்லை.

பேரிமர பங்களா நாயுடுபுரத்துக்கு மேலே இருக்கிறது. மிஷன் காலத்துக் கட்டடம். இப்போது மதுரையில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் அறக்கட்டளையின் விருந்தினர் இல்லம். ஒன்பது அறைகள், சாப்பாட்டுக் கூடம், சமையலறை, அதை ஒட்டி ஸ்டோர், ஸ்டோருக்கு மேலே, சமையலறைப் பக்கமிருந்து ஏணியில் ஏறும், மரக்கதவு போட்ட ஒரு பரண். உபகாரம் அங்கே ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்தது 1-8-1989 அன்று. வயது இருபத்து நான்கு. சிறுவயதில் வந்த காய்ச்சலில் இடது காது போயிருந்தது. வேலைக்காக மருத்துவர் எழுதித் தந்த சான்றிதழில் ஒரே வரி: "இடது காது கேட்காது. பணிக்குத் தகுதி."

அந்த ஒற்றைக் காது அவருக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. நம்பாத ஆட்களை எப்போதும் வலப்பக்கம் வைத்துக்கொள்வார். சமையல்கார ஜோதிமணி வலப்பக்கம். தோட்டக்காரர் வலப்பக்கம். கணக்குப் பார்க்க வரும் மதுரைக்காரர்கள் எல்லோரும் வலப்பக்கம். அவர் மனைவி செல்வமேரி மட்டும் இடப்பக்கம்.

"முப்பது வருசமா இந்தப் பக்கமே உக்காந்திருக்கேன்" என்பார் செல்வமேரி. "என்மேல அம்புட்டு நம்பிக்கையா, இல்ல நான் பேசுறது காதுல விழவேணாம்னா?"

உபகாரம் பதில் சொல்லமாட்டார். கேட்டிருக்காது.

பதிவேட்டில் நான்கு பத்திகள் உண்டு: எண், பொருள், நிலை, ஆதாரம். நான்காவது பத்தியில் எழுத ஒன்று இல்லாவிட்டால் முதல் மூன்றையும் அவர் எழுதமாட்டார். ரசீது, கடிதம், மேலதிகாரியின் கையெழுத்து, ஏதாவது ஒன்று வேண்டும். 'நிலை' பத்தியில் அவர் எழுதியவை வேறு எந்த ஸ்டோர் பதிவேட்டிலும் இருக்காது. மற்றவர்கள் 'பழுது' என்று எழுதி முடிக்கும் இடத்தில் இவர் முழுதாக எழுதுவார். "டீபாட்: மூக்கு நுனி உடைந்தது, ஊற்றினால் சிந்தாது." "சூப் கிண்ணம்: உதட்டில் தெறிப்பு." "நாற்காலி: ஒரு கால் குட்டை, கனமானவர் உட்காரலாகாது." "பீங்கான் மணி: நாக்கு இல்லை." கடைசியாக ஒரு சொல் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் உதவாத சாமானை ஒதுக்கும்போது சொன்ன 'கண்டெம்ண்டு' என்ற சொல்லை ஸ்டோர்க்காரர்கள் தமிழாக்கி வைத்துக்கொண்டது: கண்டம். நிலைப் பத்தியில் கண்டம் என்று விழுந்துவிட்டால் அந்தப் பொருளின் கதை முடிந்தது. பீங்கான், கண்ணாடி, மரச்சாமான் எதுவானாலும் உடைத்து, பேரிமரத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு மதுரைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அறக்கட்டளையின் விதி அது.

1996ஆம் வருடம் மார்ச்சில் ஒரு பால் குவளையின் காது உடைந்தது. வெள்ளைப் பீங்கான், கழுத்தில் ஒரு நீலக்கோடு. "காது இல்லை. கண்டம்" என்று எழுதிவிட்டு உபகாரம் சுத்தியலை எடுத்தார். எடுத்த கை இறங்கவில்லை. காது இல்லையே தவிர, பால் ஊற்றினால் நன்றாகத்தான் ஊற்றியது. அவர் குவளையைப் பரணில் வைத்தார். ஒரு சாக்கில் உடைந்த ஓடுகளைப் போட்டு வாயைக் கட்டி, அதைச் சாட்சிகளின் முன்னால் குழியில் இறக்கினார். சாக்குக்குள் கலகலவென்று சத்தம் கேட்டது. சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

இருபத்தேழு வருடத்தில் அப்படி இருபத்து மூன்று பொருள்கள் பரண் ஏறின. ஒரு காசுக்கும் அவற்றை அவர் விற்றதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. ஆனால் இருபத்து மூன்று முறை "உடைத்துப் புதைக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறார். எண்ணிக்கையில் ஒரு கரண்டி பிசகாத மனிதரின் பதிவேட்டில் இருபத்து மூன்று பொய்கள்.

31-7-2023 அன்று அவருக்கு ஓய்வு. அன்று மதுரையிலிருந்து ஆள் வந்து எல்லாவற்றையும் எண்ணுவார். சரியாக இருந்தால் பணிவிடுப்பு ஆணையில் "பொறுப்பில் குறைவில்லை" என்று ஒரு வரி வரும். பரண் தெரிந்துவிட்டால் அந்த வரி வராது. பொய்ச் சான்று கொடுத்தவர் என்ற பெயரோடு படியிறங்க வேண்டும். கடைசிப் பத்துப் பன்னிரண்டு அறிக்கைகளில் சாட்சியாக ஜோதிமணியின் கையெழுத்து இருக்கிறது. அவர் சமையல் வேலையும் போகும்.

இந்த நேரத்தில்தான் தாரணி வந்தார்.

வந்த தேதி 2-6-2023. திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். நாற்பது வயதிருக்கும். கையில் அறக்கட்டளையின் கடிதம்: பங்களாவின் நூற்றாண்டுக்குக் காலண்டர் போடுகிறோம், பங்களாவின் பழைய சாமான்களைப் பன்னிரண்டு படங்களாக எடுக்க இவர் இரண்டு மாதம் நான்காம் எண் அறையில் தங்குவார், முழு ஒத்துழைப்பு தரவும்.

உபகாரம் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்திரை சரியாக இருந்தது. மற்றதெல்லாம் சரியாக இல்லை. ஓய்வுக்கு இரண்டு மாதம் முன்னால் சாமான்களைப் படமெடுக்க ஆள் அனுப்புவார்களாம். அதுவும் மழைக் காலத்தில், வெயில் முகமே காட்டாத ஜூன் மாதத்தில். காலண்டருக்கு ஏரி இருக்கிறது, தூண் பாறை இருக்கிறது, கரண்டியை எவராவது படம் எடுப்பார்களா?

"ஆள் யாரும் படத்துல வரமாட்டாகளா?" என்று கேட்டார்.

"வரமாட்டாங்க சார். சாமான் மட்டும்தான்."

"சாமானுக்கு எதுக்கும்மா ரெண்டு மாசம்? அது ஆடாது, அசையாது, கண்ணச் சிமிட்டாது."

"அதுதான் சார் கஷ்டமே" என்றார் தாரணி. "ஆளுன்னா சிரிங்கன்னு சொல்லலாம்."

உபகாரம் அவரை அன்றே வலப்பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து எண்ணிக்கை ஏறி இறங்கத் தொடங்கியது. ஸ்டோர் சாவி உபகாரத்திடம். சமையலறைக்கு வேண்டிய சாமான்களைக் காலையில் எடுத்துக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்குவார். அப்படியானால் கசிவு சமையலறையில். ஒரு நாள் ஜோதிமணி பெரிய அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு நான்காம் எண் அறைக்குப் போவதைப் பார்த்தார். போகும்போது மூடியிருந்தது. வரும்போதும் மூடியிருந்தது. வாசலிலேயே மறித்தார்.

"அதுல என்ன?"

"அரிசிண்ணே."

"ரூமுக்கு எதுக்கு அரிசி? அந்தம்மா பொங்கித் திங்கப்போகுதா?"

"கேமராவ அரிசிக்குள்ள புதைச்சு வைக்கணுமாம். இல்லாட்டி இந்த ஈரத்துல கண்ணாடியில பூசணம் பூத்துருமாம். நீங்க வேணா கையவிட்டுத் தொழாவிப் பாருங்க."

உபகாரம் கையை விட்டுத் துழாவினார். அரிசிதான். ஆனாலும் 'புதைத்து' என்ற சொல் காதில் நின்றுவிட்டது. இவள் ஏன் இத்தனை சொல் இருக்க அந்தச் சொல்லைச் சொன்னாள்?

"அண்ணே, நீங்க ராத்திரி படுக்கும்போது மதினியவும் எண்ணிப் பாத்துட்டுத்தான் படுப்பீகளோ?" என்று சிரித்துவிட்டுப் போனார் ஜோதிமணி.

பரண் ஏணிக்கு அடியில் உபகாரம் மைதா மாவைச் சல்லடையில் சலித்துத் தூவினார். 21ஆம் தேதி வெள்ளனே வந்து பார்த்தால், மாவில் சிறிய செருப்பின் தடம். ஏறிப் பார்த்தார். இருபத்து இரண்டு. இல்லாதது பால் குவளை, முதலாவதாகப் பரண் ஏறியது. பரணுக்குப் பூட்டு இல்லை. ஒன்றும் இல்லாத இடத்துக்குப் பூட்டுப் போட்டால் கேள்வி வரும் என்று அவர்தான் போடாமல் விட்டிருந்தார்.

மாவுத் தடம் சாப்பாட்டுக் கூடம் வரை போய்த் தேய்ந்து மறைந்தது. கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல். வலது காதைக் கதவில் வைத்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றது தாரணியின் குரல். "அதுக்காக இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. ஆமா, அப்படியே. உங்களுக்கு இப்பப் பின்னாடி யாரோ பேசுறது கேக்கல. கேக்காத மாதிரியே இருங்க."

யாரையோ உள்ளே வைத்திருக்கிறார். காது கேட்காத ஆள். இந்த பங்களாவில் காது கேட்காத ஆள் ஒருவர்தான், அவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். உபகாரம் கதவைத் தள்ளினார்.

கூடத்தில் தாரணியைத் தவிர ஒருவரும் இல்லை. கிழக்கு ஜன்னல் அருகே ஒரு மேசை. அதன்மேல் காது இல்லாத பால் குவளை, ஜன்னலைப் பார்த்தபடி. அதற்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் விளிம்போடு விளிம்பு ஒட்டி, ஒன்றின் மீது ஒன்று சாய்ந்து. மூடுபனி வடிகட்டி அனுப்பிய வெளிச்சம் குவளையின் உடைந்த பக்கத்தில் மட்டும் விழுந்திருந்தது.

தாரணி திடுக்கிடவில்லை. அதுவும் சந்தேகத்துக்குரியதாகவே இருந்தது. கேமராவின் சிறு திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

உபகாரம் பார்த்தார். இரண்டு பேர் மூன்றாவது ஆளைப் பற்றிக் கிசுகிசுக்கிறார்கள். மூன்றாவது ஆளுக்குத் தெரியும், தெரியாததுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் பார்வையை எடுத்துக்கொள்ளச் சற்று நேரம் ஆனது.

"மத்ததும் பாருங்க சார்." தாரணி பொத்தானை அழுத்தினார். காணாமல்போன குடை, சுவரோரம் திரும்பி நிற்கும் நாற்காலியில் தொங்கியது, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையனைப்போல. காணாமல்போன இரண்டு கரண்டிகள் ஒரே தட்டில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தன.

"இதுக எப்பச் சண்டை போட்டுச்சு?" என்று உபகாரத்தின் வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டார். வேலையை விட்டுவிட்டு இதென்ன பேச்சு? "என்கிட்டக் கேட்டு எடுத்திருக்கணும்."

"கேட்டேன் சார். முதல் நாளே. 'வவுச்சர் எழுதி, மதுரைக்கு அனுப்பி, பதில் வந்தப்புறம்'னு சொன்னீங்க. அதான் ஜோதிமணி அக்காகிட்டக் கேட்டேன்."

"இந்தக் குவளை?"

"உங்க நோட்டுதான் சார் வழி காட்டுச்சு. மதுரை ஆபீஸ்ல மொத்தப் பதிவேட்டையும் எனக்கு நகல் எடுத்துக் குடுத்தாங்க. 'காது இல்லை', 'நாக்கு இல்லை', 'உதட்டில் தெறிப்பு'ன்னு படிச்சேன். சாமானப் பத்தி எழுதுன மாதிரியே இல்ல. எல்லாத்தையும் பாக்கணும்னு தோணுச்சு."

மொத்தப் பதிவேட்டின் நகல். உபகாரத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு கையில் பதிவேட்டின் நகல், மறு கையில் கேமரா. கண்டம் என்று எழுதியதை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துப் படமெடுத்து மதுரையில் காட்டத்தான் இவரை அனுப்பியிருக்கிறார்கள்.

"புதைச்சதா எழுதுன சாமான் எப்படி மேல இருக்குன்னு நீங்க கேக்கலையே" என்றார், குரலைத் தாழ்த்தி.

"கேட்டாச் சொல்வீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல" என்றார் தாரணி.

அன்று இரவு வீட்டில் செல்வமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இல்லாத சாமான்ல ஒண்ணு குறைஞ்சு வந்தா என்னங்க இப்ப?" என்றார் செல்வமேரி.

"இல்லாத சாமான் காணாமப் போறதுதான் மேரி ஆபத்து. யாரோ பாத்துட்டாகன்னு அர்த்தம்."

ஜோதிமணிக்குப் பரண் விஷயம் எப்போது தெரியும் என்பது அடுத்த கேள்வி. மறுநாள் காய் நறுக்கும் இடத்தில் போய் நின்று நேராகக் கேட்டார். ஜோதிமணி கத்தியை நிறுத்தவில்லை.

"ஏழெட்டு வருசமாத் தெரியும். பழைய கூடை எடுக்க ஏறுனேன். நான் சாட்சி சொல்லிப் புதைச்சதெல்லாம் வரிசையா உக்காந்து என்னையப் பாக்குது."

"ஏன் சொல்லல?"

"யாருகிட்டச் சொல்ல? உங்ககிட்டயா? நீங்கதான ஏத்துனது." அவர் ஒரு பீன்ஸைக் கிள்ளிப் போட்டார். "எங்கம்மாவுக்கு அம்பத்தெட்டு வயசுல கண்டம்னு பழனியில ஜோசியர் சொன்னாரு. எங்கம்மா எழுபத்தொம்பது வரைக்கும் இருந்து, அந்த ஜோசியர் கருமாதிக்கே போயிட்டு வந்துச்சு. கண்டம்னா என்னண்ணே? தப்பிச்சுட்டா ஆயுசு கெட்டி. அதுகளும் தப்பிச்சுருச்சு. அந்தம்மாகிட்டயும் இதத்தான் சொன்னேன்."

"சொன்னியா?"

"கேட்டுச்சு, சொன்னேன்."

கண்டம் என்பது ஸ்டோர்க்காரர்களின் சொல், அதற்கும் ஜாதகத்துக்கும் சம்பந்தமில்லை என்று விளக்க வாயெடுத்த உபகாரம் விளக்காமலே திரும்பினார். தனக்கு எந்த வயதில் என்ன கண்டம் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அந்த ஜூலையில் அவருக்கும் ஐம்பத்தெட்டு.

ஜூலை 17ஆம் தேதி தாரணி அவரிடம் வந்து, இருபத்து மூன்றையும் ஒரே படமாக எடுக்க வேண்டும் என்று கேட்டார். முடியாது என்றார் உபகாரம். முடியாது என்றுதான் சொன்னார். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரியாமல் எடுப்பதைவிடத் தன் கண் முன்னால் எடுக்கட்டும், என்ன செய்கிறார் என்று பார்க்கலாம் என்பது அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

தாரணி அவற்றைக் கூடத்தில் வரிசைப்படுத்தினார். பணி நிறைவு நாளில் எடுக்கும் குழுப் படத்தைப்போல. உயரமானவை பின்னால். குட்டையானவை முன்னால். ஒரு கால் குட்டையான நாற்காலி ஓரத்தில். பால் குவளையை நடுவில் டீபாட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். முகத்தைச் சுளித்தார். டீபாட்டைத் திருப்பினார். மறுபடி சுளித்தார். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வட்டக்கானல் பக்கமிருந்து மூடுபனி ஏறத் தொடங்கிவிட்டது.

"அது அங்க நிக்காதும்மா" என்றார் உபகாரம்.

"ஏன் சார்?"

"அதுக்கும் டீபாட்டுக்கும் ஆகாது. தொண்ணூத்தாறுல டீபாட் இடிச்சுத்தான் அதோட காது போச்சு. அப்புறம் நாலு வருசம் கழிச்சு டீபாட் மூக்கும் போச்சு. ஆனா அது பரணுக்கு வந்ததுலருந்து ரெண்டும் ஒரே தட்டுல நின்னதில்ல. நான்தான் வைக்கல." பேசிக்கொண்டே போய்க் குவளையைத் தூக்கினார். நாக்கில்லாத மணிக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுகிட்ட நிக்கட்டும். இதுக்குப் பேச வராது, அதுக்குக் கேக்காது. ஒத்துப்போகும்."

கிளிக் என்றது கேமரா.

உபகாரம் நிமிர்ந்தார். கை இன்னும் குவளையின் மேல் இருந்தது. கையில் கைக்கடிகாரம் இருந்தது. அறக்கட்டளை வெள்ளி விழாவில் பெயர் பொறித்துத் தந்த கைக்கடிகாரம்.

"கை விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சு சார். அதுனாலதான் படமே நிக்குது." தாரணியின் கண்கள் கலங்கியிருந்தன. "பயப்படாதீங்க. இந்தப் படத்த மதுரைக்குக் குடுக்கமாட்டேன். காலண்டருக்கு எனக்குப் பன்னண்டு வேற இருக்கு."

அப்போதுதான் உபகாரம் ஒன்றைக் கவனித்தார். தாரணி இவ்வளவு நேரமும் அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்தார். எப்போது அந்தப் பக்கம் போனார்? காலையிலிருந்தே அங்கேதான் நின்றாரா? தான் ஏன் விட்டோம்? தன்னையே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மதுரைக்குக் கொடுக்கமாட்டேன் என்றாரே, கொடுக்க வேண்டாம் என்று நான் கேட்டேனா? கேட்காமலே கொடுக்கமாட்டேன் என்று சொல்பவர் கொடுப்பதைப் பற்றி யோசித்திருக்கிறார். கை, கடிகாரம், பெயர், இருபத்து மூன்று பொருள்கள், எல்லாம் ஒரே படத்தில். இதைவிட வலுவான ஆதாரம் அவருடைய நான்காவது பத்தியில் ஒருநாளும் விழுந்ததில்லை.

19-7-2023 அன்று உபகாரம் மதுரைக்குத் தானே கடிதம் எழுதினார். படம் போய்ச் சேருமுன் கடிதம் சேர்ந்துவிட வேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்பினார். இருபத்து மூன்று பொருள்களின் எண்ணும், ஒவ்வொன்றும் கண்டம் செய்யப்பட்ட தேதியும் எழுதி, கீழே: "மேற்கண்டவை உடைக்கப்படவில்லை. பரணில் உள்ளன. புதைக்கப்பட்டவை உடைந்த ஓடுகள். சாட்சிகள் குழியைப் பார்த்தார்கள், சாக்கைத் திறந்து பார்க்கவில்லை. அவர்கள்மேல் தவறில்லை. உடைக்காததற்குக் காரணம் என்னால் எழுத இயலவில்லை. எழுதாமல் விடுவது இதுவே முதல் முறை."

விஷயம் தெரிந்ததும் செல்வமேரி தலையில் கை வைத்தார். "யாரும் கேக்காமயே வாயக் குடுத்துட்டு வந்து நிக்கிறீகளே!"

ஜூலை 31ஆம் தேதி மதுரையிலிருந்து ஜேசன் என்ற அலுவலர் வந்தார். காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை எண்ணினார். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பொருள்கள். ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை. பிறகு அண்ணாந்து பரணைப் பார்த்தார்.

"மேல என்ன சார் இருக்கு?"

"இல்லாததெல்லாம் மேல இருக்கு தம்பி. கடிதத்துல எழுதிருக்கேன்."

ஜேசன் ஏணியைப் பார்த்தார், தன் வெள்ளைப் பேன்ட்டைப் பார்த்தார், ஏறவில்லை. "அத ஆபீஸ்ல பாத்துக்குவாங்க சார். பதில் வர்ற வரைக்கும் ரிலீவிங் ஆர்டர் மட்டும் நிறுத்தி வச்சிருக்கோம்." சாவிக் கொத்தை வாங்கிக்கொண்டு போனார். மாலையில் போட இருந்த சால்வை அவருடைய பையிலேயே மதுரைக்குத் திரும்பியது. தாரணி அதற்கு முந்தின நாளே திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டிருந்தார்.

ஆகஸ்ட் முழுக்க உபகாரம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுத் தபாலுக்குக் காத்திருந்தார். தபால்காரர் தாண்டிப் போனால் மறைக்கிறார் என்று நினைத்தார். ஜோதிமணி வழியில் சிரித்தால் ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தார். சிரிக்காவிட்டால் சமையல் வேலை போய்விட்டது என்று நினைத்தார். போகவில்லை. 26ஆம் தேதி ஜோதிமணியே வந்து காலண்டர் மாதிரிப் படங்களைக் காட்டினார். பன்னிரண்டும் இருந்தன. குடை, கரண்டிகள், கிசுகிசுக்கும் கோப்பைகள். ஜன்னலைப் பார்க்கும் அந்தப் படத்தில் குவளை இல்லை, அந்த இடத்தில் தாரணி ஒரு தண்ணீர்ச் சொம்பை நிறுத்தியிருந்தார். பரணிலிருந்து ஒன்றுமே இல்லை.

தாரணி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். அப்படியானால் கடிதம் எழுதியிருக்கவே வேண்டாம். உபகாரம் பன்னிரண்டையும் இரண்டாவது முறை பார்த்தார். எங்காவது ஓரத்தில் மறைத்து வைத்திருப்பாரோ?

செப்டம்பர் 2 அன்று தாரணியிடமிருந்து ஓர் உறை வந்தது. அட்டைக்குள் பத்திரமாக ஒரு படம். இருபத்து மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். நாக்கில்லாத மணியின் பக்கத்தில் காதில்லாத குவளை. அதன்மேல் ஒரு கை, பணி நிறைவுப் படத்தில் பக்கத்து ஆளின் தோளில் போடுவதுபோல. படத்தின் பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது: கண்டம் தப்பியவர்கள். கீழே சிறிய எழுத்தில்: ஒரே பிரதி, நெகட்டிவ் அழிக்கப்பட்டது.

"இப்பல்லாம் கேமராவுல ஏது நெகட்டிவ்?" என்றார் உபகாரம்.

"விளையாட்டுக்கு எழுதிருக்குங்க அந்தப் பொண்ணு" என்றார் செல்வமேரி, இடப்பக்கத்திலிருந்து. பிறகு எழுந்து வலப்பக்கம் வந்து அதையே மறுபடி சொன்னார்.

அதற்குப் பிறகு மதுரைக் கடிதம் வந்தது. உபகாரம் அதன் முத்திரையைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூன்று முறை படித்தார்.

"தங்கள் 19-7-2023 கடிதம் பார்வையிடப்பட்டது. அதில் குறிப்பிட்டுள்ள 23 பொருள்களும் உடைத்துப் புதைக்கப்பட்டதாக எமது பதிவேடு காட்டுகிறது. பதிவேட்டில் இல்லாத பொருள்களை இருப்பில் ஏற்ற விதியில்லை. ஆகவே அவை அறக்கட்டளையின் உடைமை அல்ல. பரண் பழுதுபார்க்கப்பட இருப்பதால், அங்குள்ள குப்பைகளை அப்புறப்படுத்த முன்னாள் ஸ்டோர்கீப்பர் அனுமதிக்கப்படுகிறார். பணிவிடுப்பு ஆணை இணைக்கப்பட்டுள்ளது. பொறுப்பில் குறைவில்லை."

அவர் எழுதிய பொய்யை நம்பினார்கள். எழுதிய உண்மையை நம்ப விதியில்லை என்கிறார்கள். இதில் எங்கோ ஒரு பொறி இருக்க வேண்டும் என்று உபகாரத்துக்குப் பட்டது. எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது பிடிப்பார்களோ? அதனால் மூன்று நாள் கழித்து ஜீப்போடு போனபோது, புதிதாக வந்திருந்த ஸ்டோர்கீப்பரிடம் கேட் பாஸ் கேட்டு வாங்கி, தன் கையாலேயே நிரப்பினார். "வெளியே செல்லும் பொருள்கள்: இல்லாதவை 23." புது ஆள் தலையைச் சொறிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். ஜோதிமணி சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு துணி மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்தார்.

"இந்தத் தடவ உள்ள பாத்துட்டேண்ணே" என்றார்.

வீட்டில் கண்ணாடி அலமாரியின் இரண்டு தட்டுகளைச் செல்வமேரி முணுமுணுத்துக்கொண்டே காலி செய்தார். டீபாட் மேல்தட்டில். குவளையும் மணியும் கீழ்த்தட்டில். அன்று மாலையே உபகாரம் ஒரு புது நோட்டை எடுத்து நான்கு பத்திகள் கோடு போட்டார்.

எண்: 1.

பொருள்: பால் குவளை, வெள்ளைப் பீங்கான், கழுத்தில் நீலக்கோடு.

நிலைப் பத்தியில் பேனா சற்று நின்றது. பிறகு எழுதினார்: காது இல்லை. பணிக்குத் தகுதி.

ஆதாரம்: அறக்கட்டளைக் கடிதம். வந்த தேதி 14-9-2023.